அம்பு கிளம்பும் இடம்

ஜூன் 9

அன்புள்ள வாண்டுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். ஞாயிறுதோறும் நீ அப்பாவுக்கு போன் போடுவதும், அவர் மொட்டைமாடிக்குப் போய்க் குசுகுசுவென்று பேசுவதும் எனக்குத் தெரியாது என்று அப்பாவும் மகளும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெக்கானிசம் படிக்க அனுப்பினால் மெக்கானிக்காகப் போய்விட்டாய். இரண்டு வருடம் கெமிஸ்ட்ரி படித்து, ஆர்கானிக் பேப்பரில் இரண்டு முறை கோட்டைவிட்டு, கடைசியில் ஒரு பகல் முழுக்க ரயிலில் போகவேண்டிய ஊரில் சைக்கிள் கடை வேலை. கிளம்பிய அன்று வாசலில் நாம் போட்ட சண்டை உனக்கு மறந்திருக்காது. "நாலு கோடு, நாலு அம்பு, இதைப் போய்க் கஷ்டங்கிறியே. நானே படிச்சு பாஸ் பண்ணுவேன்" என்றேன். "பண்ணிக் காட்டும்மா. நீ பாஸ் பண்ணினா நான் திரும்பி வந்து எல்லாப் பேப்பரையும் எழுதுறேன்" என்றாய். எதிர் வீட்டு டெய்லர் சாட்சி. அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சேர்ந்துவிட்டேன். மாலைக் கல்லூரி, வாரத்தில் நான்கு நாள். எனக்குக் கெமிஸ்ட்ரி மேல் ஆசை என்றெல்லாம் நினைக்காதே, முழுக்க முழுக்க வீம்பு. முதல் நாள் நான் வகுப்பில் நுழைந்ததும் மொத்தப் பேரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நான் பேசாமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. பரீட்சை அக்டோபரில்.

சிக்கல் என்னவென்றால், நாலு அம்புதான் என்று வாய் நீளமாகச் சொல்லிவிட்டேனே, அந்த அம்பு எனக்கு ஒன்றுகூட வரவில்லை. இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். தண்ணீரும் அமிலமும் சேரும்போது நடப்பதைப் படிப்படியாக அம்பு போட்டுக் காட்டும் மெக்கானிசம். ஆறு தடவை போட்டிருக்கிறேன். சார் ஆறையும் சிவப்பு மையால் அடித்து, கீழே "தலைகீழ்" என்று ஒரே வார்த்தை எழுதியிருக்கிறார். நாற்பது பிள்ளைகள் முன்னால் எழுந்து ஏன் என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் கேட்பது அதைவிட வெட்கம். ஆனால் நீ தூரத்தில் இருக்கிறாய், என் முகம் உனக்குத் தெரியாது. போனில் பேசுவதில்லை என்று சபதம் போட்டிருக்கிறேன், பேசினாலும் அம்பைப் போனில் எப்படிச் சொல்வது?

நீ கல்லூரியில் சேர்ந்த அன்று நான் வாங்கித் தந்த, பந்தும் குச்சியுமாக மூலக்கூறு கட்டும் மாடல் பெட்டியை எடுத்துக்கொண்டேன். மூடியில் கார்பனுக்குக் கறுப்புப் பந்து பன்னிரண்டு என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே பதினொன்றுதான் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில்கூடத் தேடிவிட்டேன். ஒன்று எங்கே?

இப்படிக்கு,
கோபம் குறையாத அம்மா


ஜூன் 18

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் வந்தபோது நான் ஒரு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தேன். கடைக்கார அக்கா உறையைப் பார்த்துவிட்டு, "காலேஜ்ல இருந்தா?" என்று கேட்டார். "இல்லக்கா, காலேஜ்ல படிக்கிற எங்கம்மாகிட்ட இருந்து" என்றேன். அக்கா உடனே டீ வாங்கிக் கொடுத்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னதுதான். நீ பாஸ் பண்ணினால் நான் இந்தக் கடையை விட்டுவிட்டு வரவேண்டும். உனக்குச் சொல்லிக் கொடுப்பது என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது. பதில் போடாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தப்பும் தவறுமாகச் சொல்லிக் கொடுத்தால் என்ன என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. உன் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. அவ்வளவு அழகான அம்பு அம்மா அவை. வால் மெலிந்து, வளைவு சீராக, நுனி கூராக. ஆறும் தப்பான திசையில்.

கவனமாகக் கேள். பிளஸ் போட்ட ஹைட்ரஜனிடம் எலக்ட்ரான் கிடையாது. அது காலிக் கையோடு நிற்கிறது. ஆக்சிஜன் பக்கத்தில் ஜோடி ஜோடியாகப் புள்ளி வைத்திருக்கிறாய் அல்லவா, ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்த இணை என்று பெயர். யாருடனும் பங்கு போடாத இரண்டு எலக்ட்ரான். நீ ஹைட்ரஜனில் தொடங்கி ஆக்சிஜனுக்கு அம்பு விட்டிருக்கிறாய். ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து என்ன கிளம்பும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அம்பின் வால் அந்த ஜோடிப் புள்ளியைத் தொடவேண்டும், நுனி ஹைட்ரஜனைத் தொடவேண்டும். எந்தக் கணக்கு வந்தாலும் முதலில் கேட்கவேண்டியது, இங்கே எலக்ட்ரான் யாரிடம் இருக்கிறது என்பதுதான். அம்பு அங்கிருந்துதான் கிளம்பும்.

பத்து தடவை போட்டு அனுப்பு. திருத்தி அனுப்புகிறேன். ஒன்று மட்டும் புரியவில்லை. புதிதாகப் படிக்கிறவர்கள் இந்தத் தப்பைச் செய்வார்கள், ஆனால் ஒன்றிரண்டாவது குருட்டாம்போக்கில் சரியாக வந்துவிடும். நீ ஆறையும் எப்படித் தவறாமல் தப்பாகப் போட்டாய்?

அன்புடன்,
வாண்டு


ஜூலை 3

அன்புள்ள வாண்டுக்கு,

பத்தும் போட்டு அனுப்பியிருக்கிறேன். பத்தும் சரி என்று எனக்கே தெரிகிறது. அதனால் நீ திருத்துகிற சந்தோஷம் உனக்கு இல்லை.

ஏன் ஆறும் தப்பாகப் போட்டேன் என்று கேட்டிருந்தாய். யோசித்துப் பார்த்தேன். பஸ் நிலையத்துத் தொலைந்த பொருள் அறையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். குடை, மூக்குக்கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒரு பல்செட்டு. தொலைத்தவர் என் ஜன்னலைத் தேடி வருவார். நான் படிவத்தை நீட்டுவேன். பொருள், அடையாளம், தொலைந்த இடம், தொலைந்த விதம், கையெழுத்து. 'தொலைந்த விதம்' என்ற இடத்தில் சிலர் கதையே எழுதுவார்கள். எழுதி முடித்ததும் பொருளைக் கொடுப்பேன். இத்தனை வருடத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்துபோய் யாரிடமும் எதையும் கொடுத்ததில்லை. இல்லாதவர்தான் நடந்து வருவார், இருக்கிறவள் உட்கார்ந்த இடத்தில் இருப்பேன். அதனால் பிளஸைப் பார்த்ததும், பாவம், இதுதானே தேடிக்கொண்டு போகும் என்று அங்கிருந்தே அம்பைக் கிளப்பிவிட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஒருவர் குடை கேட்டு வந்தார். ஜன்னல் வழியாக எடுத்து நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. நடந்து வந்தது அவர். ஆனால் குடை போவது என்னிடமிருந்து அவரிடம்! ஆள் வருவது ஒரு பக்கம், குடை போவது ஒரு பக்கம். அம்பு ஆளைக் காட்டவில்லை, குடையைக் காட்டுகிறது. எலக்ட்ரான்தான் குடை. அந்த மனிதர் குடையை இழுக்கிறார், நான் விடவில்லை. "என்னம்மா, குடுக்க மனசு வரலையா?" என்று கேட்டார்.

இதை வகுப்பில் சொன்னேன். சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இப்போது யார் பலகைக்குப் போனாலும் பின்னாலிருந்து பிள்ளைகள், "குடை எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்கிறார்கள். எனக்குக் 'குடை ஆன்ட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நானும் கண்டுகொள்வதில்லை.

அடுத்த தாளையும் பார். கார்பனோடு புரோமின் ஒட்டியிருக்கிறது, ஹைட்ராக்சைடு வந்து தாக்குகிறது. இந்தத் தடவை அம்பு சரியான இடத்தில்தான் கிளம்பியிருக்கிறது, ஆனால் சார் "ஐந்தா?" என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறார். கறுப்புப் பந்து ஒன்று குறைவதால் பெரிய மூலக்கூறு கட்டும்போதெல்லாம் உருளைக்கிழங்கில் குச்சி செருக வேண்டியிருக்கிறது. அப்பா சமைக்க எடுத்த கிழங்கில் எல்லாம் நாலு ஓட்டை. "இதுல எது கறி, எது கார்பன்?" என்று கேட்கிறார். பந்து எங்கே என்று கேட்டேனே, பதிலைக் காணோம்.

அம்மா


ஜூலை 13

அன்புள்ள குடை ஆன்ட்டிக்கு,

பெயர் பிரமாதம். கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

பத்தும் சரிதான். பத்தாவதில் மட்டும் அம்பு அடைந்த பிறகு ஆக்சிஜனுக்கு பிளஸ் போட மறந்துவிட்டாய். கொடுத்தவருக்குக் கொஞ்சம் குறையும் அல்லவா? ஆகவே எனக்குத் திருத்துகிற சந்தோஷம் கிடைத்தது.

ஐந்து விஷயத்துக்கு வருகிறேன். கார்பனுக்கு நாலு கைதான். பந்திலும் நாலு துளைதான். நீ ஹைட்ராக்சைடை உள்ளே கொண்டுவந்து ஒட்டிவிட்டாய், புரோமினும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. ஐந்து கை ஆகிவிட்டது. பஸ்ஸில் நாலு பேர் இருக்கையில் ஐந்தாவது ஆள் வந்து உட்கார்ந்தால், அந்தக் கோடியில் இருப்பவர் எழுந்திருக்க வேண்டாமா? அதற்கு இரண்டாவது அம்பு. கார்பனுக்கும் புரோமினுக்கும் நடுவில் உள்ள கோட்டிலிருந்து கிளம்பிப் புரோமினில் முடியும். அந்தக் கோடு என்பதே இரண்டு எலக்ட்ரான்தான். புரோமின் எழுந்து போகும்போது அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு போகும். ஒருவர் உட்காரும்போதே மற்றவர் எழுந்திருக்கிறார், நடுவில் நிற்கிற நேரமே கிடையாது.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. கடைக்கு மேல் அறை, ஜன்னலைத் திறந்தால் எதிரே மரக்கடை, காலையில் ரம்பச் சத்தத்தில்தான் எழுந்திருக்கிறேன். இப்போது சக்கரம் கட்டக் கற்றுக்கொண்டேன். முப்பத்தாறு கம்பி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கவேண்டும். ஒன்றை இறுக்கினால் எதிர்ப்பக்கம் இன்னொன்று தளர்கிறது. சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பேன், சீராக ஓடினால் சத்தமே வராது. டயரின் பக்கவாட்டில்கூட ஒரு அம்பு இருக்கிறது அம்மா, சக்கரம் எந்தப் பக்கம் சுழலவேண்டும் என்று. முதல் வாரம் நான் அதைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். அக்கா, "படிச்ச பொண்ணு, அம்பு தெரியலையா?" என்று கேட்டார். உன் மகள்தானே நான்.

வாண்டு


ஆகஸ்ட் 4

அன்புள்ள வாண்டுக்கு,

மாதத் தேர்வில் எனக்கு இருபத்தைந்துக்குப் பதினாறு. வகுப்பில் ஏழாவது. நாற்பது பேரில் ஏழாவது! அப்பா தெருமுனை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எதிர் வீட்டு டெய்லர், "அப்ப பாப்பா திரும்பி வந்துடுவாளா?" என்று கேட்டாராம்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இது பிடித்துவிட்டது. மதியம் பன்னிரண்டரை மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் ஜன்னலைப் பாதி சாத்திவிட்டு நோட்டை எடுப்பேன். சுற்றிலும் ஊராரின் குடையும் பையும். நடுவில் உட்கார்ந்து அம்பு போட்டுக்கொண்டிருக்கும்போது, ஒரு படி முடிந்து அடுத்த படி தானாக வந்து நிற்கிறது பார், அப்போது வரும் நிறைவு எனக்கு இந்த வயது வரை வேறு எதிலும் வந்ததில்லை.

இனி நான் கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். மாதத் தேர்வுக்கு உன் பழைய வினாத்தாள் ஏதாவது கிடைக்குமா என்று உன் அலமாரியைக் குடைந்தேன். உன் மதிப்பெண் தாள் இரண்டும் கிடைத்தன. ஆர்கானிக், முதல் முறை பூஜ்யம். இரண்டாம் முறையும் பூஜ்யம். தோற்றுவிட்டேன் என்றுதான் சொன்னாய், எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் முன்னால் இதைப் பார்த்திருந்தால், பாவம் பிள்ளைக்கு மண்டையில் ஏறவில்லை என்று நினைத்திருப்பேன். இப்போது எனக்கும் கொஞ்சம் தெரியும். பாடமே தெரியாதவள்கூடக் கையை வைத்தால் பத்து மார்க் வரும். பூஜ்யம் வாங்கத் தனியாக முயற்சி செய்யவேண்டும். உன் கடிதத்தை சாரிடம் காட்டினேன். "இவ்வளவு தெளிவா என்னாலயே சொல்ல முடியாது, யாரு இவங்க?" என்று கேட்டார். என் மகள் என்று சொன்னேன், பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது கோபமாக மாறிவிட்டது. இவ்வளவு தெரிந்தவள் அந்த மூன்று மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தாய்?

மழுப்பாமல் எழுது.

அம்மா


ஆகஸ்ட் 14

அம்மா,

மழுப்பவில்லை. பதிவெண்ணை எழுதினேன். வேறு எதுவும் எழுதவில்லை.

முதல் முறை கேள்வித்தாளை வாங்கிப் படித்தேன். எட்டில் ஆறு கேள்வி எனக்கு நன்றாகத் தெரியும். எழுதினால் பாஸ். பாஸ் ஆனால் அடுத்த வருடம், அதற்கடுத்து மேல்படிப்பு, பிறகு ஏதாவது ஒரு ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டு. நீ பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லி வைத்திருந்தாய். அதை நினைத்ததும் எழுதப் பிடிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் எத்தனை சைக்கிளுக்கு பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது என்று ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை எழுதிவிடவேண்டும் என்றுதான் போனேன். முடியவில்லை.

பாடம் எனக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. பிடிக்கவும் செய்தது. ஆனால் அதுவே என் வாழ்க்கையாக இருக்கவேண்டும் என்று தோன்றவில்லை. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது? தோற்றுவிட்டேன் என்றால் நீ திட்டுவாய். வேண்டாம் என்றால் அழுவாய். திட்டு எனக்குப் பழகியது. நீ அழுதால் நான் அங்கேயே தங்கிவிடுவேன் என்று பயமாக இருந்தது. அதனால் முட்டாள் என்று பெயர் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பொய்தான். தப்புதான்.

நீ கடிதத்தோடு அனுப்பிய இரண்டு பயிற்சித் தாளையும் திருத்தி வைத்திருக்கிறேன். எல்லாம் சரி.

வாண்டு


ஆகஸ்ட் 21

வாண்டுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் அழவில்லை.

நான் உன்னை நாலு பேர் முன்னால் மக்கு என்று சொன்னபோதெல்லாம் நீ பேசாமல் நின்றாயே, அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. இனித் தாள் எதுவும் அனுப்பவேண்டாம். நானே படித்துக்கொள்கிறேன்.

அங்கே மழை அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். உன் மழைக்கோட்டை அப்பா பார்சலில் அனுப்புகிறார். நான் எடுத்து மட்டும் கொடுத்தேன்.

அம்மா


செப்டம்பர் 16

அன்புள்ள அம்மா,

மழைக்கோட்டு வந்தது. பையில் இஸ்திரி போட்ட கைக்குட்டை ஒன்று இருந்தது. அப்பாவுக்கு இஸ்திரி போடத் தெரியாது.

நீ வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். ஆல்கஹாலில் வந்து ஒரு வாரமாக முட்டிக்கொண்டிருக்கிறாய் என்று அப்பா சொன்னார். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. கோபத்தைப் பரீட்சைக்குப் பிறகு தொடரலாம்.

ஆல்கஹாலோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால், அதிலிருக்கும் ஹைட்ராக்சைடு போய் அந்த இடத்தில் குளோரின் வந்து உட்காருகிறது. நீ முதல் படியிலேயே ஹைட்ராக்சைடைக் கழற்றி விடுகிறாய் என்று நினைக்கிறேன். அது அப்படிப் போகாது. மைனஸ் சுமையைத் தூக்கிக்கொண்டு தனியாக இருக்க அதற்கு வராது. யாரைப் பிடிக்கலாம் என்று அலையும், போன வேகத்தில் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் ஆக்சிஜன் தன் தனித்த இணையைக் கொடுத்து அமிலத்தின் ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொள்ளும். அது உனக்குத் தண்ணீர்பட்ட பாடு. இப்போது கார்பனில் ஒட்டியிருப்பது தண்ணீர். தண்ணீருக்குத் தனியாக இருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை, கோட்டில் இருந்த இரண்டு எலக்ட்ரானையும் எடுத்துக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பிவிடும். கார்பன் பிளஸாக நிற்கும். கடைசியில் குளோரைடு தன் ஜோடியைக் கொடுத்து அங்கே உட்காரும். மூன்று படி, மூன்று அம்பு.

இப்படிக் கிளம்பிப் போவதற்கு விலகும் தொகுதி என்று பெயர். நல்ல விலகும் தொகுதி எது என்று கேட்பார்கள். விலகிப் போன பிறகு தனியாக நிம்மதியாக இருக்கத் தெரிந்தது எதுவோ அதுதான் என்று எழுது, முழு மதிப்பெண் உண்டு. இதில் நம் வீட்டுக் கதை எதுவும் இல்லை, பாடம் மட்டும்தான்.

பந்தயத்தில் மாற்றம் கிடையாது. நீ பாஸ் பண்ணினால் நான் வருகிறேன், எழுதுகிறேன். இந்தத் தடவை நிஜமாகவே எழுதுவேன். உன்னை ஒருமுறை ஏமாற்றியது போதும். கடைக்கார அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அவர் நான் கட்டிய சக்கரத்தை எடுத்துச் சும்மா சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தார்.

நன்றாக எழுது.

வாண்டு


நவம்பர் 18

என் கண்ணு வாண்டுக்கு,

பாஸ். நூற்றுக்கு அறுபத்துமூன்று. ஏன் இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை என்று நினைத்திருப்பாய். முடிவு தெரியாமல் எழுதினால் வாக்குக் கொடுத்ததுபோல ஆகிவிடும் என்று இருந்தேன்.

பரீட்சையில் நாலாவது கேள்வி, ஆல்கஹால்தான். நீ சொன்ன அதே மூன்று படி. பேனாவை எடுத்ததும் பாழாய்ப்போன கை நேராக பிளஸுக்குத்தான் போனது. நல்லவேளை, எனக்குப் பின்னால் இருந்த பெண் தனக்குத்தானே "குடை, குடை" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். திருத்திக்கொண்டேன். முதல் அம்பு போட்டேன். இரண்டாவது அம்பு, தண்ணீர் கிளம்பிப் போவது. பக்கத்தில் காரணம் எழுதவேண்டும். "விலகிப் போன பிறகு தனியாக நிம்மதியாக இருக்கத் தெரிந்தது" என்று நீ சொன்னதை அப்படியே எழுதினேன். எழுதி முடித்ததும் மேலே நகர முடியவில்லை. பாடம் மட்டும்தான் என்று எழுதியிருந்தாய். பரீட்சை ஹால் வரை நானும் அப்படித்தான் நம்பினேன்.

உன் கடிதங்களையெல்லாம் மனசுக்குள் புரட்டினேன். ரம்பச் சத்தம், முப்பத்தாறு கம்பி, காது கொடுத்துக் கேட்பது. எங்கேயாவது திரும்பி வர அலைகிறாயா என்று தேடினேன். ஒரு வரிகூட இல்லை. வீட்டை விட்டுப் போன பெண் நிம்மதியாக இருக்கிறாள் என்று இன்னொரு தாய்க்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவாள். நான் நாலைந்து மாதமாக அவளைத் திரும்ப இழுக்க ராத்தூக்கம் கெட்டுப் படித்திருக்கிறேன். ஹாலில் உட்கார்ந்து அழுதேன். மேற்பார்வைக்கு வந்தவர், கேள்வி கடினம் போலிருக்கிறது என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அழுதால் நீ தங்கிவிடுவாய் என்று பயந்தாயே, அழுது முடித்துவிட்டேன், நீ தங்கவேண்டாம்.

பந்தயத்தில் ஜெயித்தவள் நான். அதனால் என்ன செய்யவேண்டும் என்று சொல்கிற உரிமையும் எனக்குத்தான். நீ வந்து எதையும் எழுதவேண்டாம். அக்காவிடம் சொல், சக்கரத்தைச் சுற்றியது போதும் என்று. டெய்லரிடம் நானே சொல்லிவிட்டேன், "என் பொண்ணு மெக்கானிக்" என்று. அவரிடம் பழைய சைக்கிள் ஒன்று இருக்கிறதாம், நீ வரும்போது பார்க்கச் சொன்னார். நான் அடுத்த பருவத்துக்கும் சேர்ந்துவிட்டேன். இந்தத் தடவை யாரோடும் பந்தயம் இல்லை.

இன்னொரு விஷயம். என் கணக்கில் இரண்டு நாள் விடுப்பு மிச்சம் இருக்கிறது, யாருக்கும் பங்கு போடாமல் ஜோடியாகக் கிடக்கிறது. தனித்த இணை. உனக்குக் கடையில் விடுப்பே கிடையாது என்று அப்பா சொன்னார். இருக்கிற இடத்திலிருந்துதானே கிளம்பவேண்டும்? அடுத்த மாதம் மூன்றாம் தேதி மாலை ரயிலில் வந்து இறங்குகிறேன். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறேன்.

மாடல் பெட்டியைச் சரிபார்த்துத் துடைத்து வைத்தேன். இன்னும் பதினொன்றுதான். இரண்டு தடவை கேட்டும் நீ வாயைத் திறக்கவில்லை. ஆகவே சட்டப்படி போகிறேன். எங்கள் அறைப் படிவம் ஒன்று இத்துடன் இருக்கிறது. மழுப்பாமல் நிரப்பி அனுப்பு.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா


நவம்பர் 25

அம்மா,

அறுபத்துமூன்று என்று படித்ததும் கடையில் நான் போட்ட சத்தத்தில் காற்றடிக்க வந்தவர் பம்பைப் போட்டுவிட்டார். மீதியைப் படித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அக்கா அரை மணி நேரம் கூப்பிடவே இல்லை.

மூன்றாம் தேதி ஸ்டேஷனுக்கு வருகிறேன். முன்பக்க வாசலில் நில், தேடிக்கொண்டு நீ எங்கும் போகாதே. படிவம் கீழே.

பொருள்: கறுப்புப் பந்து, ஒன்று.

அடையாளம்: நாலு துளை. ஒரு துளையில் கடைச் சாவியின் வளையம் மாட்டியிருக்கிறது.

தொலைந்த இடம்: நம் வீடு, என் மேசை.

தொலைந்த விதம்: தொலையவில்லை. நீ வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, செருப்பை மறந்துவிட்டேன் என்று உள்ளே போனேன் அல்லவா, அப்போது எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இந்தப் பாடமே வேண்டாம் என்றுதான் கிளம்பினேன். ஆனால் அந்தப் பெட்டி நீ வாங்கித் தந்தது. வெறுங்கையோடு போக முடியவில்லை அம்மா.

கையெழுத்து: வாண்டு